சுருக்கெழுத்து உறைக்குள் ஒரு குரல்

பெண்டாட்டி சாகக் கிடக்கும்போது அவன் ஓடிப்போய்விட்டான் என்கிறாள் தையல்காரம்மா. எனக்குக் கேட்கவேண்டும் என்றே எதிர்வாசலில் நின்று சொல்கிறாள். நேற்றும் அவளுக்குப் பதில் சொன்னேன்.

"ஓடிப்போறவன் துணிமணி எடுத்துட்டுப் போவான்மா. என் பிள்ளை ஒரு காலி அட்டை உறையைத்தான் எடுத்துட்டுப் போயிருக்கான்."

"காலி உறைக்கு யாராவது ஊர் விட்டு ஊர் போவாங்களா பாட்டி? எங்கயோ ஒருத்தி இருக்கா."

"ஒருத்திதான். உள்ளே படுத்திருக்கா, வந்து பாரு."

அவள் வரவில்லை. நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்.

என் மகன் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் கையில் கிரீஸ். ஆனால் இசைத்தட்டைத் தொடுவதென்றால் மூன்று முறை சோப்புப் போடுவான். இரண்டு உள்ளங்கைகளாலும் விளிம்பை மட்டும் பிடிப்பான். பெற்ற குழந்தையைக்கூட அவன் அப்படிப் பயந்து தூக்கியதில்லை.

மருமகள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு தட்டில் பாடியிருந்தாள். முந்நூறு பிரதி போட்டதோடு அந்தத் தட்டுக் கம்பெனியை மூடிவிட்டார்கள். எங்கள் வீட்டில் இருந்தது ஒன்றுதான். உறையில் அவள் படம் இருந்ததால் வருகிறவர்களெல்லாம் இரண்டு நாளில் தருகிறேன் என்று கேட்பார்கள். இவன் ஒரு தந்திரம் செய்தான். பழைய தட்டுக் கட்டு ஒன்றோடு வந்த சுருக்கெழுத்துப் பயிற்சித் தட்டு வீட்டில் கிடந்தது. சாம்பல் நிற உறை, அதில் பென்சில் பிடித்த ஒரு கை. அதை எவன் இரவல் கேட்பான்? பாட்டை அதற்குள் போட்டான். சுருக்கெழுத்தை மருமகள் படம் போட்ட உறைக்குள் போட்டான். என்னிடம் சொன்னானா? சொல்லவில்லை.

பேத்தி பிறந்த மூன்றாம் மாதம் மருமகளுக்குத் தொண்டையில் கட்டி. அறுத்தெடுத்தார்கள், அதோடு குரலும் போயிற்று. அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மழையில் கூரை ஒழுகி அலமாரி நனைந்தது. நான் படத்தைப் பார்த்துத்தான் எதையும் அடையாளம் கண்டுகொள்கிறவள். மருமகள் படம் இருந்த உறையைத் துடைத்துக் காயவைத்தேன். பூசணம் பிடித்த பென்சில் கையைப் பழைய பேப்பர்காரரிடம் தள்ளிவிட்டேன். நல்ல காரியம் செய்த நினைப்பில் இருந்தேன்.

வீடு திரும்பிய அன்று அவன் அலமாரியைக் குடைந்தான். பென்சில் கை இல்லை. ஒருவேளை தான் மாற்றி வைக்கவே இல்லையோ என்ற ஆசையில், படம் போட்ட உறையில் இருந்ததைச் சுழலவிட்டான்.

'எழுதுங்கள். ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது' என்றார் யாரோ ஓர் ஆள்.

மருமகள் சிரித்தாள். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. அவன் சிரிக்கவில்லை.

"யாருக்கும்மா போட்டே?"

"பேப்பர்காரருக்கு. வண்டியில வருவாரே. முகம் ஞாபகமில்லப்பா."

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

ஆறு வருஷம் தேடினான். லிஃப்ட் பார்க்கப் போன வீடுகளிலெல்லாம் பரணில் என்ன இருக்கிறது என்று கேட்டான். முந்நூறில் இன்னொன்று எவர் கண்ணிலும் படவில்லை. மற்றவர்கள் அரிய தட்டுகளைத் தேடும் கடைகளில் இவன் ஒருவன் மட்டும் எவரும் சீந்தாத தட்டைக் கேட்டு நின்றான். 'ஸ்டெனோ வந்துட்டாருப்பா' என்பார்களாம். இருபத்திமூன்று பென்சில் கை பார்த்துவிட்டான். உள்ளே எல்லாமே வெள்ளை லேபிள், எல்லாமே சுருக்கெழுத்து.

போன மாதம் கட்டி திரும்ப வந்தது. இனி நாள் கணக்குதான் என்றார் டாக்டர். அதன்பின் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. "அவ இருக்கும்போதே பாப்பா அவ குரலைக் கேக்கணும்மா" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

நாலு நாளைக்கு முன்னால் காலையில் ஒரு பழைய சாமான் வியாபாரி போன் செய்தார். ஒன்றரை நாள் பயணத் தூரம்.

"ஸ்டெனோ, இங்க ஒரு வீட்டுல பென்சில் கை ஒண்ணு இருக்கு. உள்ளே லேபிள் சிவப்பா இருக்குப்பா. வீட்டுச் சாமானை மொத்தமா வேற ஒரு வியாபாரிக்குப் பேசிட்டாங்க. நாளன்னைக்கு லாரி வருது. நீயே நேர்ல வந்து கேட்டாத்தான் உண்டு."

மருமகளின் தட்டு சிவப்பு லேபிள்தான். போனை வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றான்.

"எப்படிம்மா போறது? நான் வர்றதுக்குள்ள..."

"நீ இரு. தொலைச்சவ நான், நானே போறேன்."

"உனக்கு ஒரு போர்டு படிக்கத் தெரியாதேம்மா."

"சிவப்பு தெரியும்டா."

கட்டிலிலிருந்து மருமகள் சிலேட்டைத் தட்டினாள். எழுதி மகள் பக்கம் திருப்பினாள். வீட்டில் அவள் பேச்சு எனக்குக் கேட்பதெல்லாம் பேத்தி வாயால்தான். அந்தக் குழந்தை, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பதுபோல வாசித்தது.

"போயிட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

பிறகு மருமகள் தலையணைக்கு அடியிலிருந்து தன் படம் போட்ட அந்த உறையை எடுத்து நீட்டினாள்.

அவன் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினான். மூன்று முறை. காலி உறைதான், ஆனாலும் உள்ளங்கைகளால் விளிம்பைப் பிடித்துத்தான் வாங்கினான். இரண்டு கையும் அதிலேயே இருந்ததால் கதவை நான்தான் திறந்துவிட்டேன்.