திங்கட்கிழமைக் கேள்வி

கம்ப்யூட்டர் சப்போர்ட் வேலை எப்படின்னா, எல்லாம் ஒழுங்கா ஓடும்போது ஒருத்தருக்கும் நம்ம ஞாபகம் வராது. ஒண்ணு நின்னுபோச்சுன்னா கம்பெனியே நம்ம பேரை ஏலம் விடும். நான் திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில இந்தப் பொழப்புலதான் இருக்கேன். சேவூர்ல இருந்து தினமும் பஸ். நீங்களும் நம்ம இனம்னா, "ஒண்ணுமே பண்ணலீங்க, தானா ஆஃப் ஆயிருச்சு"ங்கிற வசனத்தைத் தூக்கத்துல கூட கேட்டிருப்பீங்க.

என்கிட்ட வந்த புகார் எல்லாத்தையும் தீர்த்து மூடிட்டேன், ஒண்ணே ஒண்ணு தவிர. அதைக் குடுத்தவர் பேரு கதிர்வேல். ஆளு இப்ப ஜோர்டான்ல. அதை மூடவும் மனசு வரல, மூடாம வச்சுக்கிட்டு நிம்மதியும் இல்ல.

வயர் கழண்ட கதை

முன்னெல்லாம் எல்லாம் ஃபோன்தான். கட்டிங்ல இருந்து ஒருத்தர், பேக்கிங்ல இருந்து ஒருத்தர்னு மாத்தி மாத்தி அடிப்பாங்க. "மானிட்டர் சுவிட்சைப் போட்டீங்களா?"ன்னு கேட்டா, "அதுக்குத்தான உங்களை வச்சிருக்கு"ம்பாங்க. எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். எரிஞ்சு விழுந்துட்டு, அப்புறம் போய்ச் சுவிட்சைப் போட்டுட்டு வருவேன்.

கதிர்வேல் மட்டும் வேற ரகம். குண்டடம் பக்கத்து ஆளு. மெர்ச்சண்டைசர், அதாவது வெளிநாட்டு பையருக்கும் நம்ம ஃபேக்டரிக்கும் (அதாவது துணி வாங்குறவனுக்கும் தைக்கிறவங்களுக்கும்) நடுவுல மாட்டிக்கிட்டு ரெண்டு பக்கமும் பேச்சு வாங்குற உத்தியோகம். தினமும் பதினோரு மணி டீ வர்ற நேரத்துக்குச் சரியா அவரு பிரிண்டர் நின்னுபோகும். போய்ப் பார்த்தா வயர் கழண்டு கிடக்கும். ஒரு நாள் பொறுக்க மாட்டாம, "ஏனுங்க, தினமும் வயர் தானா கழண்டுக்குதுங்களா?"ன்னு சிடுசிடுத்தேன். மனுசன் துளி கூச்சமில்லாம சொன்னாரு: "இல்லீங்க, நான்தானுங்க கழட்டுனேன். உங்க டீ ஆறுதுங்க, குடிச்சுப்போட்டு அப்புறம் திட்டுங்க."

ரெண்டையும் சேர்த்தது

எங்க மேனேஜர் துரைசாமி சாருக்கு ஃபோன் பிடிக்காது. எது வந்தாலும் டிக்கெட்டா வரணும். டிக்கெட்னா பஸ் டிக்கெட் இல்ல, ஹெல்ப்டெஸ்க் சாஃப்ட்வேர்ல பதிவாகுற புகார். சாஃப்ட்வேரை வாங்கியாச்சு, யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல. ஆனா மெர்ச்சண்டைசருங்க எல்லாம் சும்மா இருக்குற ஆளுங்க இல்ல. ஆர்டருக்கு ஒரு நோட்னு செல்ஃபோன்ல நோட்ஸ் ஆப்ல எழுதித் தள்ளுவாங்க. கலர் அப்ரூவலாச்சா, பட்டன் வந்துச்சா, எல்லாம் அதுலதான்.

சரி, மலை நம்மகிட்ட வரலைன்னா நாம போவோம்னு, நோட்ஸையும் ஹெல்ப்டெஸ்க்கையும் நடுவுல ஒரு ஆட்டோமேஷன் வச்சு இணைச்சுட்டேன். நோட்ல ‘ஐடி’ன்னு தலைப்புப் போட்டு, அதுக்குக் கீழ டிக் பண்ற மாதிரி ஒரு கட்டம் போட்டுப் பிரச்சினையை எழுதுனா போதும், தானா எனக்கு டிக்கெட் வந்துரும். நான் சரி பண்ணிட்டுப் போடுற பதில், தானா அவங்க நோட்டுக்குக் கீழ போய் உக்காந்துக்கும். துரைசாமி சாரு கை தட்டுனாரு. எனக்கும் தலைகால் புரியல. மீட்டிங் முடிஞ்சு வெளிய வர்றப்ப கதிர்வேல் மட்டும் மொகம் சுண்டிப்போய் நின்னுட்டிருந்தாரு. "அப்ப இனிமே உங்களுக்கு ஃபோன் போட வேண்டியதே இல்லீங்களா?"

ஏரோ ஸ்டிக்கர்

கொஞ்ச நாள்ல சண்டை ஆரம்பிச்சுது. நான் தீர்ந்துதுன்னு மூடுறது, அவங்க தீரலைங்கிறது. கடைசியில செக்கிங் செக்‌ஷன் சரோஜாக்கா நேராவே வந்து மானத்தை வாங்கிருச்சு. பனியன்ல ஓட்டையோ கறையோ இருந்தா செக்கிங்ல அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டுவாங்க. டெய்லர் சரி பண்ணலாம், ஆனா ஸ்டிக்கரைப் பிய்க்கக் கூடாது. ஒட்டுனவங்க பார்த்துத் திருப்தியாகி அவங்கதான் எடுக்கணும். "நீ ஸ்டிக்கரைப் பிச்சுப் போட்டுட்டு ஓகேன்னு அனுப்புற டெய்லரு மாதிரி பண்ற கண்ணு"ன்னு அக்கா சொன்னதும் எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு.

அன்னைக்கே விதியை மாத்துனேன். புகார் குடுத்தவங்க அவங்க நோட்ல அந்தக் கட்டத்தை டிக் பண்ணாத்தான் டிக்கெட் மூடும். டிக் பண்ணலைன்னா, ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலயும் என் பேர்ல "தீர்ந்துதுங்களா?"ன்னு ஒரு கேள்வி தானா அவங்க நோட்டுக்குப் போகும்.

அந்தச் சமயத்துலதான் கதிர்வேலுக்கு ஜோர்டான்ல ஒரு கார்மெண்ட்ஸ்ல வேலை கிடைச்சுது. கடைசி நாள் அவர்கிட்ட இருந்து ஒரு டிக்கெட்: "லேப்டாப் ஸ்லோ. நேர்ல வந்து பாருங்க." ஓடுனேன். அங்க போனா அவரு டேபிளைச் சுத்தி ஃப்ளோரே நிக்குது, கேக்கு வெட்டுறாங்க. அத்தனை பேருக்கு முன்னால நான் லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். அது ஜம்முனு ஓடுச்சு. அவரு கேக்குத் துண்டு ஒண்ணை என் கையில வச்சுட்டு மெதுவாச் சொன்னாரு: "இன்னும் சரியாகலீங்க. டிக்கெட்டை மூடிறாதீங்க."

ரிப்பீட் ஆர்டர்

அதுக்கப்புறம் ஒரு சேதியும் இல்ல. அவரு ஃபோன் நம்பரும் மாறிப்போச்சு. வீட்டுல அம்மா வாரம் ஒரு ஜாதகத்தோட நிக்குது. நான் ‘இப்ப வேண்டாம்’னு மட்டும் சொல்லுவேன், ஏன்னு சொல்ல என்கிட்ட என்ன இருக்கு? திங்கட்கிழமை கேள்வி மட்டும் அது பாட்டுக்குப் போய்ட்டிருந்துது. பதில் வரல.

ஒரு நாள் காலையில கம்ப்யூட்டரைத் திறக்குறேன், திரை முழுக்கக் கதிர்வேல். "பிரிண்டர் வரல." "வயர் கழண்டிருச்சு." "மறுபடியும் வயர்." வந்துட்டாரு! முருகா, வந்துட்டாரு! லிஃப்டுக்குக் கூட நிக்கல, மூணு மாடியும் படியிலயே இறங்கி மெர்ச்சண்டைசிங்குக்கு ஓடுனேன். அவரு சீட்ல புதுப் பொண்ணு ஷாஹிதா உக்காந்து இட்லி தின்னுட்டிருக்கு. பையர் பழைய ஸ்டைலையே திரும்பக் கேட்டிருக்கான். எங்க ஊர்ல ரிப்பீட் ஆர்டர் வந்தா பழைய ஆர்டரை அப்படியே காப்பி போட்டுத் தேதியை மட்டும் மாத்துறதுதான் வழக்கம். அந்தப் பொண்ணும் கதிர்வேலோட நோட்டைக் காப்பி போட்டிருச்சு. ஃபோன் நின்னதுக்கப்புறம் அவரு அதுல எழுதி வச்சிருந்த பழைய வயர் புகாரெல்லாம் அவரு பேர்லயே உசிரோட எந்திரிச்சு வந்துருச்சு. திட்டணும்னு வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்துது. அது பயந்துபோய் டிபன் பாக்ஸை மூடிருச்சு. "சாரிக்கா, எல்லாத்தையும் அழிச்சுரட்டுங்களா?"

ஆடிட்

போன மாசம் ஆடிட் வந்துது. ஒரு டிக்கெட்டும் திறந்து இருக்கக் கூடாதுன்னுட்டாரு துரைசாமி சாரு. "ஆளே இல்லாத டிக்கெட்டுக்கு என்னம்மா காவல்?"ன்னு கேட்டாரு. நியாயம்தான். அவரு டிக் பண்ணாமலே மூடுறதுக்கு அட்மின் பாஸ்வேர்டைப் போட்டேன். "சரி செய்யப்பட்டது. மூடப்படுகிறது"ன்னு அடிச்சேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு மூடிட்டேன். அவரு ஒட்டுன ஸ்டிக்கரை நானே பிச்சுப் போட்டுட்டேன், சரோஜாக்கா சொன்ன அந்த டெய்லரு மாதிரி.

ஒண்ணு மறந்துட்டேன். அந்த நோட் கம்பெனி கணக்குல இல்ல, அவரோட சொந்தக் கணக்குல இருந்து எங்களுக்குப் பகிர்ந்தது. இத்தனை நாள் திங்கட்கிழமைக் கேள்வி போன மாதிரியே, என் பதிலும் தானா ஜோர்டானுக்குப் போயிருக்கு. சாயங்காலம் பஸ்ஸுக்குக் கெளம்புறப்ப டிங்னு ஒரு சத்தம். டிக்கெட் மறுபடி திறந்திருக்கு. கீழ எழுதியிருந்துது: "ஏனுங்க மூடுனீங்க? பதில் போட்டா திங்கட்கிழமை கேள்வி நின்னுபோகுமேன்னுதானுங்க இத்தனை நாளும் வாயைத் திறக்காம இருந்தேன். கேக்குறது மெஷின்னு தெரியுமுங்க. ஆனா அதைக் கட்டுனது நீங்கதானுங்களே. இன்னும் சரியாகலீங்க. நேர்ல வந்து நானே சொல்றேன்."

எந்த டிக்கெட்டையும் அன்னன்னைக்கே மூடுறதுக்குச் சம்பளம் வாங்குற நான், இந்த ஒண்ணு மட்டும் அந்த மனுசன் நேர்ல வர்ற வரைக்கும் தீராம இருக்கட்டும்னு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவிநாசியப்பனைக் கும்பிட்டுட்டுத்தான் கம்ப்யூட்டரையே திறக்கிறேன்.