அஞ்சலில் சேராத உறை

கணவன் கார்னெட்டின் பனி வாரும் வண்டியைச் சுத்தம் செய்தபோதுதான் அந்த உறை வெர்லினின் கையில் சிக்கியது. இருக்கைக்கு அடியில், காப்பிக் கறையோடு, ஒட்டிய அஞ்சல்தலை ஒட்டியபடியே கிடந்தது. உள்ளே அவளுடைய விசிட்டர் அனுமதியை நீட்டிக்கக் கேட்ட விண்ணப்பம்.

“நவம்பர்லயே போட்டுட்டேன்னு சொன்னியே!”

“போட்டதாத்தான் நெனச்சேன், வெர்லின். சத்தியமா.”

“இது ஏப்ரல், கார்னெட்! டிசம்பரோட என் அனுமதி முடிஞ்சு போச்சு.”

பதில் வராதது கண்டு இடையில் இரண்டு முறை கேட்டிருந்தாள். “அரசாங்கம்னா அப்படித்தான்” என்று அவன் சொன்னதை நம்பியிருந்தாள். முடிந்துபோன அனுமதியைத் திரும்பக் கேட்டு வாங்கத் தொண்ணூறு நாள் அவகாசம் உண்டு, அதுவும் தாண்டிவிட்டது.

கிரெனடாவின் கரியாக்கூ தீவில் பதினாறு வருஷம் மருத்துவச்சியாக இருந்தவள் அவள். ஹாமில்டன் நகருக்குச் சித்தி மகளைப் பார்க்க வந்த இடத்தில், தேவாலயப் பாடகர் குழுவில் சுருதி சேராமல் பாடிக்கொண்டிருந்த கார்னெட்டைச் சந்தித்தாள். போன அக்டோபரில் நகர மண்டபத்தில் கல்யாணம்.

இலவச சட்ட உதவி மையத்தில் இருந்த ஓடெட் அம்மா பொறுமையாகக் கேட்டார். “புருஷன் இந்நாட்டுக் குடிமகன்கிறதால, அனுமதி இல்லாம தங்கினத மன்னிச்சுடுவாங்கம்மா. நிரந்தர வாசியாக இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆனா முடிவு வர்ற வரைக்கும் நாட்டை விட்டு வெளிய காலெடுத்து வைக்காதீங்க. திரும்ப உள்ள விடமாட்டாங்க. வேலை அனுமதி வராம வேலைக்கும் போயிடாதீங்க.”

ஜூனில் கட்டுக்கட்டாகக் காகிதங்களை அனுப்பினார்கள். ஆகஸ்டில் அத்தனையும் திரும்பி வந்தன. ஒரு பக்கத்தில் கார்னெட் கையெழுத்து போட மறந்திருந்தான். வெர்லின் அந்தப் பக்கத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். மறுபடி அனுப்பினார்கள். அக்டோபரில் மறுபடி திரும்பி வந்தது. இடையில் படிவமே மாறிவிட்டதாம். நவம்பரில் மூன்றாவது தடவை.

தெருமுனை மருத்துவமனையில் ‘நர்ஸ்கள் தேவை’ என்ற பலகை மாதக்கணக்காகத் தொங்கியது. இவளோ கீழ்த்தள வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரியில் அவள் அண்ணன் எல்டன் இறந்தான். படகு கட்டும் இடத்திலேயே மாரடைப்பு. போனால் விண்ணப்பம் பாழ். அடக்கத்தைக் கைப்பேசியில் பார்த்தாள். பெட்டியை இறக்கும் நேரத்தில் படம் உறைந்து நின்றது.

“கூடப்பொறந்தவன் சாவுக்குக்கூடப் போக முடியாத மாதிரி என்னைக் கட்டிப் போட்டுட்டியே” என்றாள் கார்னெட்டிடம். அதன்பின் அவனோடு பேசவில்லை. அந்த மௌனத்துக்கு நடுவில்தான் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது.

கல்யாணம் உண்மைதானா என்று பார்க்க, அதிகாரி கல்யாணப் படங்களைப் புரட்டினார். “ரொம்பக் கம்மியா இருக்கே. கடைசியா எப்போ சண்டை போட்டீங்க?”

“சண்டை போட்டாத்தானே? இவரோட பேசியே மூணு வாரம் ஆச்சு” என்றாள் வெர்லின்.

“ஏன்?”

பக்கத்தில் கார்னெட் தலை குனிந்தான். “அவ அண்ணன் அடக்கத்துக்கு அவளால போக முடியல சார். அவ அனுமதி போனதே என்னாலதான். எழுதறதா இருந்தா என் பேர்ல எழுதுங்க. அவமேல எதுவும் எழுதிடாதீங்க.”

அவன் அழுவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. தன் கைக்குட்டையை எடுத்து அவன் மடியில் போட்டாள். அதிகாரி எழுதிக்கொண்டார்.

ஜூன் கடைசியில் நிரந்தர வாசி அட்டை வந்தது. கார்னெட் கேக் வாங்கி வந்தான். அவள் ஒரு துண்டு தின்றுவிட்டு ஒரேயொரு விமான டிக்கெட் எடுத்தாள்.

“நான் வரவேணாமா?”

“வேணாம். எல்டன்கிட்ட நான் தனியாத்தான் போகணும்.”

“திரும்பி வருவல்ல?”

“வருவேன். ஆனா என் கோபம் தீர்ந்துடுச்சுன்னு நெனச்சுக்காத.”

மூன்று வாரம் கழித்து வந்தாள். மருத்துவமனையில் போய்க் கேட்டாள். பதினாறு வருஷ அனுபவம் இங்கே செல்லாதாம், முதலில் இரண்டு பரீட்சை எழுத வேண்டுமாம். அதுவரை உதவியாளர் வேலை கொடுத்தார்கள். பிரசவ வார்டில் தரை துடைத்தபடி, உள்ளே கேட்கும் முனகலை வைத்தே குழந்தை எப்போது பிறக்கும் என்று அவளால் சொல்லிவிட முடிந்தது. யாரும் கேட்கத்தான் இல்லை.