செக்கிங் முடிந்ததும் கைதட்டினார்கள்

நியூயார்க்கில் ஒரு காலத்தில் சுருதி சேர்ப்பதையே அவமானமாகக் கருதிய ராக் குழுக்கள் இருந்தன. நோ வேவ் என்பார்கள். அதில் ஒரு குழு ஒரே ஒரு இசைத்தட்டு போட்டுவிட்டுக் கலைந்துபோனது. வளைகுடாவில் நாங்கள் பிழைக்கும் குதைபியாவில் அதை யூடியூபில் கேட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஐம்பதை நெருங்கும் கணக்கனுக்கு அதில் என்ன பிடித்தது? அவர்களுக்கும் வாசிக்கத் தெரியாது.

அந்தத் தகுதி எனக்கும் இருந்ததால் ஒரு குழு தொடங்கினேன். கிதார் நான். பாடகர், எங்கள் கட்டடத்தின் கீழே மொபைல் கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்து பாய். டிரம்ஸ், ஏசி டக்ட் மாட்டும் சிவகங்கைத் தம்பி. டக்ட் தகரம்தான் டிரம்ஸும். வெள்ளிக்கிழமைகளில் கடையின் பின்னறையில் ஒத்திகை. எங்கள் ஆசை ஒன்றுதான்: கேட்பவர்களில் ஒருவராவது இதைப் பாட்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில், தொடக்கத்திலேயே எங்களுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் உட்கார்ந்த பிறகுதான் மைக்கைச் சோதிப்பார்கள். அன்று அறிவிப்பாளரும் சிறப்பு விருந்தினரைத் தேடி வாசலுக்குப் போய்விட்டார்.

அறிவிப்பில்லாமலே ஆரம்பித்தோம். தகரம் இடித்தது. கிதார் அலறியது. பாய், பாட்டின் ஒரே சொல்லான “லீவு! லீவு!” என்பதை அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

“எக்கோவக் கொறைங்கப்பா!” என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர்.

“லெஃப்ட் ஸ்பீக்கர் வேலை செய்யல!”

தம்பி பணிவாக மெதுவாக அடித்தான். முடித்ததும் பலத்த கைதட்டல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது செயலாளர் மேடையேறி, “செக்கிங் முடிஞ்சது, நிகழ்ச்சி ஆரம்பம்!” என்றார். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். “இந்த வருஷம் மைக் கொய்ங்னு கத்தவே இல்லண்ணே. அடுத்த வருஷமும் நீங்கதான் செக் பண்ணித் தரணும்.”

சாப்பாட்டு வரிசையில் மூவரும் தட்டோடு நின்றோம். முன்னால் நின்றவர் எவர்சில்வர் தட்டைத் தட்டிக்கொண்டே முணுமுணுத்தார்: “லீவு… லீவு…”

தம்பி என் விலாவில் இடித்தான். “அண்ணே, நம்ம பாட்டு!”

“தாளம் தப்புதே,” என்றார் பாய்.

“நாம மட்டும் என்ன பாய்?” என்றான் தம்பி. “கரெக்டாத்தான் புடிச்சிருக்காரு.”

பாய் முகம் மலர்ந்து, தன் தட்டில் வடை விழுந்ததும் அதை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.