ஆறு சுத்தமாக இருந்ததுதான் குற்றம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடி அமாவாசைக்கு மறுநாள் மதியம் நடந்தது இது. அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையில் ஒரு படித்துறை. ஊர்ப்பெயரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் சொல்லவில்லை. இன்றைக்கு எழுத உட்காரும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்தையும் என் தலையில்தான் கட்டியிருந்தார்கள். அந்தப் படித்துறைக்குத் திதி கொடுக்கவும் தோஷம் கழிக்கவும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். முங்கிக் குளித்துவிட்டு, உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போவார்கள். துணியோடு பாவமும் போய்விடுமாம். அது எங்கே போகிறது? பத்தடி தள்ளிப் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டு, அடுத்துக் குளிக்க இறங்குகிறவர் காலைச் சுற்றும்.

அதையெல்லாம் இழுத்துப் போடப் பேரூராட்சி தினக்கூலிக்கு வைத்த ஆறேழு பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒரு அக்காவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். ஐம்பது வயது இருக்கும். மூங்கில் கம்பு நுனியில் கொக்கி கட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று துணிகளை இழுப்பார். இழுத்துக்கொண்டே, வேட்டியை அவிழ்த்து விடப்போகிறவர்களைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"ஐயா, ஆத்துல விடாதீய. இந்தா சாக்கு கெடக்கு, இதுல போடுங்க. பாவம் சாக்குலயும் போவும்!"

சிரித்துக்கொண்டே முக்கால்வாசிப் பேர் சாக்கில் போட்டுவிடுவார்கள். அரசாங்கம் வைத்த அறிவிப்புப் பலகையை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. அந்த அக்கா சொன்னால் கேட்பார்கள்.

நதி மாசுபடுவதைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறோம் என்று சென்னையிலிருந்து ஒரு குழு என்னைப் போனில் பிடித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அமாவாசையன்று அதிகாலையிலேயே வந்துவிடுங்கள், அப்போதுதான் கூட்டம் இருக்கும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அன்றைக்கு அவர்கள் வரவில்லை. மணிமுத்தாறு அருவியைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார்களாம். மறுநாள் மதியம் சாவகாசமாக வந்து இறங்கினார்கள். அதற்குள் இந்தப் பெண்கள் இரண்டு நாளாக முதுகு ஒடிய வேலை செய்து, ஆற்றைத் துடைத்து வைத்துவிட்டார்கள். எடுத்த துணியெல்லாம் கரையில் சாக்கு மூட்டைகளாக டிராக்டருக்குக் காத்துக் கிடந்தது. தண்ணீருக்கு அடியில் கூழாங்கற்கள் தெரிந்தன.

இயக்குநர் ஆற்றைப் பார்த்தார். பந்தி முடிந்தபிறகு கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகம் சுருங்கிவிட்டது. "என்ன மேடம், இவ்ளோ க்ளீனா இருக்கு?" என்றார்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம் அல்லவா? அவருக்கு அது நஷ்டம். கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நடந்துவிட்டு, நாலு மூட்டையை மட்டும் திரும்ப ஆற்றில் கொட்டச் சொன்னார். கொட்டியதும் அக்கா அதை எடுப்பதைப் படம்பிடிப்பார்களாம், அவர்கள் உழைப்பு உலகத்துக்குத் தெரியுமாம்.

அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. என்னைத் தனியே இழுத்து, "எடுத்ததத் திரும்பவும் ஆத்துல போடச் சொல்லுதாவளே டீச்சர். வேண்டாம்னு சொல்லுங்க" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த இடத்தைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. வீடு தேடி வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று ஒரு பழக்கம் எங்கள் பக்கத்தில் ஊறிப்போயிருக்கிறது. காப்பி கொடுக்கிற மாதிரி இதையும் கொடுத்துவிடலாம் என்று நினைத்துவிட்டேன். "ஒரு பத்து நிமிசந்தான்க்கா. அம்புட்டு தூரத்துல இருந்து வந்திருக்காவல்லா" என்றேன். டீச்சரே சொல்லிவிட்டாரே என்று அக்கா மூட்டையை அவிழ்த்தார். ஈரச் சாக்கு பிணக்கனம் கனத்தது. ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்தேன். இருவரும் சேர்ந்துதான் கொட்டினோம்.

கொட்டுவதை நாலு முறை படம்பிடித்தார்கள், கோணம் மாற்றி மாற்றி. எடுப்பதைப் படம்பிடிக்கும் நேரம் வந்ததும் வெளிச்சம் போய்விட்டது என்றார்கள். அவர்கள் கேமராவைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது அக்கா கொட்டிய துணிகளைத் திரும்ப இழுத்துப் போட்டார். ஒரு பச்சைப் புடவை மட்டும் நீரோட்டத்தில் நழுவிப் போனது. அக்கா கழுத்தளவு தண்ணீருக்குப் போய் அதை இழுத்துக்கொண்டு வந்தார். அந்தக் குழுவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று மாதம் கழித்துப் படம் இணையத்தில் வந்தது. பள்ளி ஆசிரியர் அறையில் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து நான்தான் போட்டுக் காட்டினேன். அருவி வந்தது, வயல் வந்தது, சோகமாக வயலின் வந்தது. அதற்குப் பிறகு அக்கா வந்தார். மெதுவாக, மிக மெதுவாக, ஒரு மூட்டைத் துணியை ஆற்றில் கொட்டினார். பின்னணியில் கனத்த குரல் ஒன்று, நதியைக் கொல்கிறவர்கள் வெளியிலிருந்து வரவில்லை, அதன் கரையிலேயே வாழ்கிறார்கள் என்றது. அவ்வளவுதான். துணியை எடுப்பது படத்தில் எங்குமே இல்லை.

அந்தத் துண்டை மட்டும் வெட்டி யாரோ வாட்ஸ்அப்பில் விட்டார்கள். இரண்டே நாளில் ஊர் முழுக்கப் பரவியது. கீழே வந்து விழுந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. அந்த வாரமே அக்காவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் இயக்குநரைப் போனில் அழைத்துக் கத்தினேன். அவர் நிதானமாகப் பேசினார். "அந்தத் துணி முந்தின நாள் ஆத்துல இருந்தது நிஜம்தானே மேடம்? நாங்க அதைத் திரும்பக் காட்டியிருக்கோம். பெரிய உண்மையைச் சொல்லணும்னா சின்னச் சின்ன விஷயத்தை அட்ஜஸ்ட் பண்ணித்தான் ஆகணும். அந்தம்மா முகம் ரொம்ப பவர்ஃபுல். ஆடியன்ஸ் அப்படியே நின்னு பாக்குறாங்க."

சின்ன விஷயம்! ஒருத்தி பிழைப்பும் பெயரும் அவருக்குச் சின்ன விஷயம். பொய் சொல்கிறவன்கூடப் பொய் என்று தெரிந்து சொல்வான். இவர் நான்கு முறை ஒத்திகை பார்த்து எடுத்ததற்கு உண்மை என்று பெயர் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்.

மறுநாள் அக்காவை அழைத்துக்கொண்டு பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி எங்களை உட்காரச் சொல்லாமலே, "ஏம்மா, ஆத்தச் சுத்தம் பண்ணச் சொன்னா நீ கொட்டுதியா?" என்று அக்காவிடம் எகிறினார். நான் அந்த அதிகாரியின் போனை வாங்கி, அந்தத் துண்டை ஓடவிட்டு நிறுத்தினேன். ஓரத்தில், திரையின் விளிம்பில், சாக்கின் மறுமுனையைப் பிடித்தபடி பாதிக் கை ஒன்று தெரிந்தது. மணிக்கட்டில் சிவப்புப் பட்டைக் கடிகாரம். என் கையை நீட்டிக் காட்டினேன். அதே கடிகாரம். படத்திலிருந்து என்னை வெட்டியவர்கள் என் கையை வெட்ட மறந்துவிட்டார்கள். கடிகாரம் கட்டிய டீச்சர் இருந்தால் கதை கெட்டுவிடும் அல்லவா?

நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பிரச்சினை முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

தை அமாவாசைக்குப் படித்துறைக்குப் போயிருந்தேன். தச்சநல்லூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் குளித்துக்கொண்டிருந்தது. பெரியவர் வேட்டியை ஆற்றில் விடப்போனார். அக்கா வழக்கம்போல, "ஐயா, ஆத்துல விடாதீய" என்று ஆரம்பித்தார். அவர் அக்காவை உற்றுப் பார்த்தார்.

"ஏளா, போன்ல வந்தது நீதான? சாக்கு சாக்கா நீ கொட்டலாம், நான் ஒத்த வேட்டிய விடப்பிடாதோ?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். வேட்டி தண்ணீரில் மிதந்து போனது. அக்கா கொக்கிக் கம்பை நீட்டி அதை இழுத்து மூட்டையில் போட்டார். அதற்குப் பிறகு வந்தவர்கள் யாரிடமும் அவர் வாயைத் திறக்கவில்லை. நான் ஓடிப்போய் அந்தப் பெரியவரிடம் நடந்ததைச் சொன்னேன். "அப்படியா?" என்று கேட்டுவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தத் துண்டைப் பார்த்த ஒவ்வொருவர் பின்னாலும் நான் இப்படி ஓட முடியுமா?

எனக்கும் இதில் பேச யோக்கியதை இல்லை. தினமும் சாயங்காலம் டி.வி.யில் குடும்பச் சண்டைகளைக் கூப்பிட்டுவைத்துப் பஞ்சாயத்து பண்ணும் நிகழ்ச்சியை ஒன்று விடாமல் பார்த்தவள் நான். எந்த மாமியார் கத்தினாலும், கத்துவதற்கு முன்னால் அவரிடம் என்ன சொன்னார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது ஒவ்வொரு அமாவாசைக்கும் நான் அக்கா பக்கத்தில் போய் நின்று, அவர் சொல்லிவந்ததை என் குரலில் சொல்கிறேன். என் பேச்சுக்கு அவ்வளவாக யாரும் மசிவதில்லை. திரையில் யாருடைய முகத்தையாவது நெருக்கத்தில் காட்டி, இவர்தான் குற்றவாளி என்று சொல்லும்போதெல்லாம், திரைக்கு வெளியே சாக்கின் மறுமுனையைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்றுதான் என் கண் தேடுகிறது.