இணைத்துள்ளேன் என்று எழுதி, இணைக்காமல் அனுப்பியது

அடுத்தவர் மெயிலை டைப் அடித்துக் கொடுக்கிற பிழைப்பில், ‘அனுப்பு’ அழுத்தின பிறகுதான் கவலையே ஆரம்பிக்கும். லிங்கராஜபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இணைப்பு போச்சா, சரியானதுதான் போச்சா என்று அனுப்பினதைத் திறந்து திறந்து பார்ப்பேன். உங்களில் எத்தனை பேருக்கு இந்த வியாதி இருக்கிறதோ!

எதுக்குத் தேடணும்?

டெம்போ ஓட்டும் முனிரத்தினம் அண்ணன் லைசென்ஸ் விஷயமாக மெயில் அடிக்கச் சொன்னார். வழக்கம்போல ‘ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு’ என்று ஆரம்பித்தேன். அர்த்தம் கேட்டார், சொன்னேன். மனுஷன் எகிறிவிட்டார். “ஆபீசரையே தேடிக்கோன்னு சொல்றியாம்மா? அந்தாளு கோச்சுக்கினா என் வண்டி ஓடுமா? இந்தா, வச்சிருக்கேன்னு எழுது!”

பெயர் சொல்லி எழுதியும்

அதிலிருந்து பெயர் சொல்லியே எழுதுகிறேன்: ‘மருத்துவச் சான்றிதழை இணைத்துள்ளேன்.’ மருந்துக்கடைக் கம்பெனி ஒன்றில் பில் போடும் டெய்சிக்காகவும் அப்படித்தான் எழுதினேன். அவள் அம்மா இடுப்பெலும்பு முறிந்து தங்கவயலில் தனியாகக் கிடந்தார். அங்கே இருக்கும் கிளைக்கு டெய்சிக்கு மாறுதல் வேண்டும்.

ஹெட் ஆபீசிலிருந்து பதில் இல்லை. மறுபடி அனுப்பினோம். அதற்கும் இல்லை. எனக்கே இருப்புக் கொள்ளவில்லை, கடைக்கு வந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். டெய்சி சொன்னாள்: “பக்கத்து வீட்டைக் கூப்பிட்டுத்தான் அம்மா தண்ணியே குடிக்குது சிஸ்டர். இவங்களுக்கு இதைப் படிக்கக்கூட நேரமில்லையா?”

காலி மெயில்

மூன்றாம் தடவை வந்து உட்கார்ந்தவள், “சான்றிதழ் இணைச்சிருக்கேன்னு எழுதுங்க. ஆனா வைக்காதீங்க” என்றாள். ஐயோ, அதெல்லாம் கூடாது என்று சண்டை போட்டேன். அசையவில்லை. பதறிக்கொண்டேதான் அழுத்தினேன்.

சொன்ன டீ வருவதற்குள் பதில் வந்துவிட்டது! ‘சான்றிதழ் இல்லை, உடனே அனுப்பவும்.’ கீழே பெயர், போன் நம்பர். அங்கேயே நின்று போன் போட்டாள். எடுத்த மேடத்திடம் கன்னடத்தில் கடகடவென்று கொட்டினாள், அழுதாள். இந்தப் பக்கம் நான் சான்றிதழை வைத்து அனுப்பினேன். மேடம் அதைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமையே தங்கவயலில் சேரச் சொல்லிவிட்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. டெய்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “ஒழுங்கா அனுப்புனா ஒருத்தரும் பாக்கல. குறை வச்சதும் எப்படி ஓடியாறாங்க பாருங்க சிஸ்டர்!”

அவள் இதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுப் போனதில், இப்போது வருகிறவர்கள் எல்லாம் ‘இணைச்சிருக்கேன்னு எழுதுங்க, இணைச்சுடாதீங்க’ என்று என் உயிரை வாங்குகிறார்கள்.