எங்கள் ஊர் பேஜ் காணாமல் போனது

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில்தான் எங்கள் வீடு. எனக்குத் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. எதிர்வீட்டு அண்ணன் என் கணவரோடு ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவர். குப்பத்தின் பெயரில் நெட்டில் ஒரு பேஜ் ஆரம்பித்தது அவர்தான். எழுதுவதற்கு அவருக்குக் கூச்சம். அவர் வீடியோ எடுப்பார், நான் அதற்கு மேல் இரண்டு வரி எழுதிப் போடுவேன்.

பெரிதாக ஒன்றும் இருக்காது. காற்று எப்படி, இறால் கிடைத்ததா, யார் வலை அறுந்தது, அம்மன் கோயில் கூழ் எப்போது, இவ்வளவுதான். வேலைக்காக வெளியூர் போன பையன்கள்கூட அதைப் பார்த்துத்தான் ஊர்ச் சேதி தெரிந்துகொள்வார்கள்.

ஒருநாள் ஆற்றுத் தண்ணீர் சாம்பல் நிறமாக வந்தது. அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அடிச்சேற்றை அள்ளிக் காட்டினார். "இத்த பாருங்கோ. இதுல எறா எப்டி பொழைக்கும்? நீங்களே சொல்லுங்கோ." அதிகம் பேசவில்லை. ஆனால் அந்த வீடியோ எங்கெங்கோ போனது. டிவிக்காரர்கள் வந்தார்கள். ஆற்றங்கரையில் வரவிருந்த ஒரு புதுத் திட்டத்துக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கப்போகிற நேரம் அது.

அந்த வாரமே பேஜ் காணாமல் போனது. திறந்தால், விதிகளை மீறியதால் நீக்கப்பட்டது என்று ஒரு வரி மட்டும். எந்த விதி, யார் புகார் கொடுத்தார்கள், ஒன்றும் இல்லை.

"நான் எத்தையாவது தப்பா அமுக்கிட்டனாம்மா?" என்று அண்ணன் கேட்டார். இல்லை என்றேன். மறுநாளும் வந்து அதையே கேட்டார். யாராவது வேண்டுமென்றே எடுத்திருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தன் விரல்மேல்தான் சந்தேகம்.

ஆபீசில் கூட வேலை செய்யும் ஒருவர் சொல்லித்தான் ராயபுரத்தில் அந்தச் சின்ன அமைப்பைத் தேடிப் போனோம். ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை. நெட்டில் மக்கள் தடையில்லாமல் பேசுவதற்காக வேலை செய்கிறவர்கள். அங்கிருந்த வக்கீல் என்னைவிட இளையவர். நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"உங்க மேல தப்பே இல்லண்ணா," என்றார் முதலில். "எதை வைக்கலாம், எதை எடுக்கலாம்னு கவர்மென்ட்டும் கம்பெனியும் மட்டும் உக்காந்து முடிவு பண்றாங்க. அந்த ரூம்ல நம்மளும் உக்காரணும். அதுக்குத்தான் நாங்க கத்திக்கிட்டு இருக்கோம்."

பேஜை நீக்கிய கம்பெனிக்கு எழுதினார். பதில் இயந்திரம் போட்டதுபோல் வந்தது. டெல்லியில் அமைச்சகத்துக்கும் எழுதினார். அதற்குப் பதிலே இல்லை. அப்போது நெட்டுக்கான புது விதிகளைப் பற்றி நகரத்தில் ஒரு பெரிய ஓட்டலில் கலந்தாய்வு நடக்கவிருந்தது. அதிகாரிகள், கம்பெனிக்காரர்கள், மக்கள் அமைப்புகள் என மூன்று தரப்பும் வரும். அண்ணன் பேசுவதற்கு வக்கீல் போராடி இடம் வாங்கினார்.

அண்ணன் அன்று கடலுக்குப் போகவில்லை. கத்திவாக்கத்தில் ரயில் ஏறியதிலிருந்து வாய்க்குள் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தார். அரங்கில் எல்லாமே ஆங்கிலம். அவர் முதுகை நிமிர்த்தி, புரிகிறவர்போல் உட்கார்ந்திருந்தார். காலையில் அவர் முறை என்றார்கள். முன்னால் பேசியவர்கள் நீட்டிக்கொண்டே போக, சாப்பாட்டுக்குப் பிறகு என்றார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பாதி நாற்காலி காலி. அதிகாரிகளில் ஒருவர்தான் மிச்சம்.

அண்ணன் மைக்கைப் பிடித்தார். ரயிலில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது போல.

"நான் ஒண்ணும் கெட்ட வார்த்த பேசல சார். தண்ணிய காட்னேன். எடுக்கறதுன்னா எடுங்க, இன்னாத்துக்கு எடுத்தீங்கன்னு சொல்லிட்டு எடுங்க. நான் எத்தையோ தப்பா அமுக்கிட்டேன்னு நெனச்சிகினு கெடந்தேன் சார், இத்தினி நாளா."

வக்கீல் ஆங்கிலத்தில் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். உரிமை, வெளிப்படைத்தன்மை, மேல்முறையீடு எல்லாம் வந்தன. அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் வரவில்லை. அதிகாரி குறித்துக்கொள்வதாகச் சொன்னார்.

திரும்பும் வழியில் அண்ணன் கேட்டார்: "நெஜமா கேட்டுக்கினாங்களா, சும்மா தலய ஆட்னாங்களா?"

"கேட்டாங்கண்ணா."

ஆற்றங்கரைத் திட்டத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்தைக் கடைசி நேரத்தில் வேறு மண்டபத்துக்கு மாற்றினார்கள். பேஜ் இருந்திருந்தால் அரைமணி நேரத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். நான் ஒவ்வொருவராகப் போன் செய்தேன். பாதிப் பேர் பழைய இடத்தில் போய் நின்றுவிட்டு வெயிலில் திரும்பினார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முன்வரிசைகளில் நாங்கள் பார்த்தே இராத முகங்கள். திட்டத்தை வரவேற்று ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் பேஜ் திரும்பி வந்தது. தவறுதலாக நீக்கிவிட்டோம் என்று ஒரு வரி. நான் கடற்கரைக்கு ஓடினேன். அண்ணன் அறுந்த வலையைப் பின்னிச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"வந்துச்சா? சரிம்மா," என்றார். கை நிற்கவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் தண்ணீர் மறுபடியும் நிறம் மாறியது. நான் கரையில் நின்றிருந்தேன். அண்ணன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டு உள்ளே போட்டுக்கொண்டார்.

"ஏண்ணா?"

"வாணாம்மா. மறுபடி தூக்குவான். மறுபடி நீ லீவு போட்டுகினு அலையணும். பேஜாரு."

நான் வற்புறுத்தவில்லை. நானே எடுத்திருக்கலாம். என்னிடமும் போன் இருந்தது.

நெட்டுக்கான அந்தப் புது விதிகள் வெளியானபோது வக்கீல் போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம். ஒருவரின் பதிவை நீக்கினால் காரணத்தை அவருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தார்களாம். "இயன்றவரை" என்ற சொல்லும் அதோடு இருந்தது. "அண்ணன் பேசினதாலதான் இதாவது வந்துச்சு, அவர்கிட்ட சொல்லுங்க," என்றார். சொன்னேன். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகு அந்த அமைப்புக்கு வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த பண உதவி நின்றுபோனது. வக்கீல் வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டார். மாடி அறைகளில் இப்போது ஒரு கூரியர் கம்பெனி.

சமீபத்தில் நெட் விதிகளுக்கு இன்னொரு வரைவு வந்திருக்கிறது. பதிவுகளை இன்னும் வேகமாக நீக்கலாம் என்கிறது. பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார்கள். முன்பென்றால் மாடி அறைக்காரர்கள் தமிழில் சுருக்கி அனுப்பியிருப்பார்கள், எங்கே கையெழுத்துப் போடுவது என்றும் சொல்லியிருப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் நானே உட்கார்ந்து, புரிந்தவரை தமிழில் எழுதி ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். என் கருத்தையும் எழுதி அனுப்பினேன். எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் சந்தேகம். கேட்க ஆளில்லை.

"இத்த யாருக்குக்கா அனுப்பணும்?" என்று குரூப்பில் ஒரு பெண் கேட்டாள். நான் பதில் எழுதுவதற்குள் யாரோ அன்றைய மீன் விலையைப் போட்டார்கள். பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.