நெல் வயலுக்கு வந்த மோட்டார் படகு

பெரியவனே, சின்னவளே, உங்கள் மாமா எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் இலை விழுவதற்குள் நம் படகுக் கதையை ஆரம்பித்துவிடுகிறார். அவர் சொல்வதைக் கேட்டால், உங்கள் அப்பன் நெல் வயலுக்கு நடுவில் படகை வாங்கிப் போட்டு அதற்கு மாலையும் போட்ட கிறுக்கன். எல்லாரும் சிரிக்கிறார்கள். நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நடந்தது என்ன என்று நான் ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் திருத்த ஒன்றும் இல்லை.

நம் ஊரிலிருந்து கும்மிடிப்பூண்டி ரோட்டுக்குப் போக ஒரே வழி அந்தத் தரைப்பாலம்தான். ஐப்பசி மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போலப் பெய்தால் பாலத்துக்கு மேலே ஆறு போகும். படகு வாங்குவதற்கு முந்தின மழையில் சின்னவளுக்கு இழுப்பு வந்தது. மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. டிராக்டர்காரரைக் கேட்டேன். இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விடும் என்றார். மீட்புப் படகுக்கு போன் செய்தோம். அது வேறு ஊரில் இருந்தது. அங்கேயும் ஆட்கள் இருந்தார்கள், குறை சொல்ல மாட்டேன். கடைசியில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் வரப்பு வரப்பாகக் காலால் தடவிப் போய், ரயில் பாலத்தின் மேல் நடந்து அக்கரைக்குப் போனேன். உங்கள் அம்மா பின்னாலேயே வந்தாள். ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை பிடித்து அவள் தூங்கிய பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"அண்ணன் திருநின்றவூர்ல வாடகைக்கு ஊடு பாத்து வெச்சிருக்குது. இன்னொரு மழைய நான் இந்த ஊர்ல பாக்க மாட்டேன். நீ வந்தா வா, வராங்காட்டி போ. நான் பசங்கள இட்டுக்கினு போயிடுவேன்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் எனக்கு ஆறவில்லை. தேர்வாய் கண்டிகையில் எனக்கு வேலை, கம்பெனி பஸ் ஆற்றுக்கு அந்தப்பக்கம் வந்து ஏற்றிக்கொள்கிறது, ஆற்றுக்கு இந்தப்பக்கம் நிலம். பாலத்தை உயர்த்திக் கட்ட வேண்டியவர்கள் கட்டாமல் இருப்பார்கள், அதற்காக நான் வீட்டைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா? ஓட மாட்டேன் என்று முடிவு செய்தேன். பாலம் வராவிட்டால் படகு வரும். இதுதான் நான் போட்ட கணக்கு. எனக்கு நீச்சல் தெரியும். படகைப் பற்றி ஒரு எழவும் தெரியாது.

"அடுத்த மழைக்குள்ள ஒரு மோட்டார் படகு ஓட்டிக் காட்டறேன். ஓடலன்னா நானே மூட்டை கட்டறேன்" என்றேன் அம்மாவிடம். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி" என்று மட்டும் சொன்னாள்.

பழவேற்காட்டில் ஒரு மீன்கார அக்கா பழைய ஃபைபர் படகும் மோட்டாரும் விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அவர் வீட்டுக்காரர் பெரிய படகு வாங்கிவிட்டாராம். இது கரையில் குப்புறக் கிடந்தது. அடியில் நீளமாக விரிசல், மேலே காக்கை எச்சம்.

"எந்தக் குப்பம் நைனா நீ?" என்றார்.

"குப்பம் இல்லக்கா. நாங்க நெல்லு வெக்கறவங்க."

"நெல்லுக்கு இன்னாத்துக்குப் போட்டு? நாத்து நட இதுல போவியா?"

விஷயத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. மோட்டாரைத் தூக்கி வந்து, பின்பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஓட்டையை விரலால் காட்டினார். "மத்தது எல்லாத்தையும் மறந்துடு. இத மறக்காத. மோட்டார் ஓடறப்ப, சின்னப் பையன் ஒண்ணுக்குப் போற மாதிரி இதுல தண்ணி பீச்சிக்கினே இருக்கணும். அது நின்னா நீயும் நிறுத்திடு. இல்லன்னா சூடு ஏறி இன்ஜின் பூடும், அப்புறம் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்."

குட்டி யானை வண்டியில் ஏற்றி வந்தபோது ஊரே வாசலில் நின்று பார்த்தது உங்களுக்கு நினைவு இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமையே செவ்வாப்பேட்டையிலிருந்து மாமா வந்தார். படகைச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார்.

"மாப்ள, இந்த டப்புக்கு எங்க பக்கம் ஒரு மனைக்கு அட்வான்ஸ் குடுத்து இருக்கலாம்."

"மனையில ஏறி ஆத்தத் தாண்ட முடியாது மச்சான்."

"இதுல மட்டும் தாண்டிடுவியா? அடியில பாரு, சல்லடை கணக்கா கீது."

சல்லடைதான். ஹார்டுவேர் கடையில் ஃபைபர் பாயும் ரெசினும் வாங்கி வந்தேன். ரெசினில் கெட்டியாக்குகிற மருந்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பினார். சீக்கிரம் காயட்டும் என்று நான் தாராளமாக ஊற்றினேன். நம் குளியல் மக்கிலேயே அது கொதித்து, புகைந்து, கல்லாகிவிட்டது. மக்கும் போயிற்று, பிரஷும் போயிற்று. திரும்ப வாங்கினேன். இரண்டாவது தடவை காய்ந்தது. ஆனால் கீழே அழுக்கைச் சுரண்டாமல் ஒட்டியதால் தோசை மாதிரி உரிந்து வந்துவிட்டது. மூன்றாவது தடவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தோள்பட்டை கழன்றுபோகும் அளவுக்குத் தேய்த்து, ஒட்டினேன். இன்றுவரை அது விடவில்லை.

மோட்டாரைச் சோதிக்க நமக்குக் கடலா இருக்கிறது? பம்புசெட் தொட்டியின் சுவரில் ஒரு பலகையைக் கட்டி அதில் மாட்டினேன். கயிற்றை இழுத்தேன், இழுத்தேன், இழுத்துக்கொண்டே இருந்தேன். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி இழுத்தேன். திடீரென்று பிடித்தது. தொட்டித் தண்ணீர் பாதி வயலுக்குள் போனது. அந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் வளைந்து பீச்சியது. நீங்கள் இருவரும் அதில் முகத்தைக் காட்டிக்கொண்டு கத்தினீர்கள். மழைக்கு இன்னும் நாள் இருந்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. பைக், பம்புசெட், தையல் மிஷின், பெரியவன் சைக்கிள் எல்லாவற்றையும் கழுவியதுபோல் மோட்டாரையும் கழுவித் துடைத்துத் தொட்டிச் சுவரிலேயே மாட்டி வைத்தோம். சந்தனக் கிண்ணம் சின்னவள் கையில். "ஒரு இடம் வுடாத, எல்லாத்துக்கும் வை" என்று சொன்னவன் நான்தான். சாமந்தி மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தோம். பூஜைக்கு வந்திருந்த மாமா கேட்டார்: "எலுமிச்சம்பழத்த எதுல நசுக்குவ மாப்ள? இதுக்குச் சக்கரம் எங்க கீது?"

நான் படகின் மூக்குக்குக் கீழே பழத்தை வைத்து, காலால் மிதித்தேன். அதற்கும் சிரித்தார்கள்.

சாயங்காலம் மாமா, "எங்க, ஒரு தபா ஓட்டு பாப்போம்" என்றார். இழுத்தேன். ஒரே இழுப்பில் பிடித்தது. ஆனால் தண்ணீர் பீச்சவில்லை. அக்கா சொன்னது காதில் கேட்டது, உடனே நிறுத்திவிட்டேன். மறுபடி போட்டேன். இல்லை. நிறுத்தினேன்.

"ஒண்ணுக்கே போவலியே மாப்ள. டாக்டராண்ட காட்டு, சுகர் இருக்கப் போவுது" என்றார் மாமா. பந்தியில் அவர் சொல்லும் கதை இங்கே முடிந்துவிடும். இதற்குப் பிறகு நடந்தது அவருக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்வதில்லை.

தண்ணீர் இழுக்கிற பம்பு போய்விட்டது என்று நினைத்தேன். நெல் வைக்கிறவனுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் பம்பைத் தவிர வேறு நினைப்பு வராது. அடிப்பாகத்தைக் கழற்றினேன். உள்ளே ரப்பர் சக்கரம் நன்றாகவே இருந்தது. இருந்தாலும் புதுசு வாங்கி மாட்டினேன். தண்ணீர் வரவில்லை. ஷிப்டு முடிந்து வந்து கழற்றுவேன், மாட்டுவேன், ஓட்டுவேன், சில நொடியில் நிறுத்துவேன். டவுனில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். "உள்ள வழியெல்லாம் உப்பு பூத்து அடச்சிருக்கும். இதப் புடிச்சிக்கினு பேஜார் படாத, வித்துடு" என்றார். விற்க மாட்டேன் என்று திரும்பத் தூக்கி வந்தேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வீட்டில் அம்மா பீரோவிலிருந்து துணிகளை எடுத்துப் பையில் அடுக்க ஆரம்பித்திருந்தாள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

முதல் தூறல் விழுந்த அன்று நான் தொட்டியடியில் மோட்டாரோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா குடையோடு வந்து நின்றாள்.

"சாப்ட வர்றியா, இல்ல இத்தோடவே குடித்தனம் பண்ணப் போறியா?"

"தண்ணி வரணும், வரல."

"எங்கேந்து வரணும்?"

காட்டினேன். குனிந்து பார்த்தாள். "இங்கியா? இங்க பொட்டு இல்ல வெச்சிருக்குது" என்றாள்.

பார்த்தேன். குங்குமம் மழையில் கரைந்து போயிருந்தது. அதற்கடியில் சந்தனம் சிமெண்டு மாதிரி ஓட்டைக்குள் இறுகிக் கிடந்தது. எல்லா இடத்துக்கும் வைக்கச் சொன்னேன் அல்லவா, சின்னவள் சொன்னபடி வைத்திருக்கிறாள். இத்தனை நாளாக நான் உள்ளே இருப்பதை எல்லாம் பிரித்துப் பார்த்தேன். வெளியே இருந்த பொட்டு என் கண்ணுக்கு அடைப்பாகத் தெரியவே இல்லை. பொட்டு வைத்த இடத்தை யாராவது சந்தேகப்படுவார்களா?

அம்மா தாலிக் கயிற்றிலிருந்து ஊக்கைக் கழற்றி, ஓட்டைக்குள் விட்டுக் குடைந்தாள். மஞ்சளாகத் தூள் கொட்டியது. "இப்ப இழு" என்றாள். இழுத்தேன். தண்ணீர் நேராக அவள் புடவையில் பீச்சியது. அவள் நகரவில்லை. நனைந்துகொண்டே கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு, "சோறு ஆறிப் போவுது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அன்று பை கட்டிலுக்கு அடியில் போயிற்று. ஆனால் காலி ஆகவில்லை.

அந்த வாரமே பாலம் முழுகியது. காலையில் சின்னவளுக்கு இழுப்பு ஆரம்பித்தது. இந்தத் தடவை நான் யாரையும் கேட்கவில்லை. நாலு பேர் படகைத் தூக்கித் தண்ணீரில் விட்டார்கள், நான் மோட்டாரை அதில் மாட்டினேன். அம்மா அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருவர் இடுப்பிலும் லாரி டியூபைக் கட்டினேன். பெரியவனே, உன்னை ஏற்றவில்லை என்று நீ கரையில் அழுதாய்.

ஆறு படகை ரயில் பாலத்துப் பக்கமாக இழுத்தது. நான் மூக்கை மேற்கே திருப்பிப் பிடித்து, தண்ணீருக்குச் சாய்வாக ஏறினேன். நடு ஆற்றில் மோட்டார் முனகி நின்றுவிட்டது. ஆகாயத்தாமரை விசிறியில் சுற்றிக்கொண்டிருந்தது. படகு பின்னால் போக ஆரம்பித்தது. மோட்டாரைச் சாய்த்துத் தூக்கி, வேரைப் பிய்த்துப் போட்டேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அவசரப்படாத. இழு." பிடித்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன், தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது. அக்கரையில் ஆட்டோ நின்றது. கால் நனையாமல் என் மகளை ஆட்டோவில் ஏற்றினேன்.

மத்தியானம் மூவரும் திரும்பி வரும்போது கரையில் பால் கேன், ஷிப்டுக்குப் போகிறவர்கள், ஒரு கர்ப்பிணிப் பெண் எல்லாரும் காத்திருந்தார்கள். படகைப் பார்த்துச் சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள். ஏற்றினேன். சாயங்காலம் மாமா போன் செய்தார். "மாப்ள, போட்டு ஓடிச்சாமே?"

"ஓடிச்சி மச்சான்."

"திருநின்றவூர் ஊட்டுக்காரன் கேக்கறான். இன்னா சொல்றது?"

போனை அம்மாவிடம் கொடுத்தேன். "வேற ஆளு பாத்துக்கச் சொல்லுண்ணா" என்றாள்.

பொழுது சாய ஆரம்பித்தபோது எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் படகிலிருந்த தண்ணீரை இறைத்தேன். கட்டுவதற்குக் கயிற்றை எடுத்தேன். டேங்கில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சம் இருந்தது. கயிற்றை உள்ளே போட்டுவிட்டு மோட்டாரை இழுத்தேன். யாரையும் ஏற்றாமல், ஒரு வேலையும் இல்லாமல், அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தேன்.